நடிகருக்காகக் காத்திருக்கும் வீடியோ: மேடைக் காணொளி பற்றி ஓர் எளிய விளக்கம்

சிங்கப்பூரில் கலை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசினால் ஒரு குழப்பம் தவறாமல் வரும். "மகள் வீடியோ தயாரிப்பு படிக்கிறாள், மேடைக்கான வீடியோவும் அதே வகுப்பில் வருகிறதாம். இரண்டும் ஒன்றுதானே?" என்பார்கள். ஒன்றைத் தொலைக்காட்சியில் காட்டுகிறோம், இன்னொன்றை மேடையின் பின்திரையில் காட்டுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம் என்ற எண்ணம். நம் தமிழ் நாடகக் குழுக்களிலும் இதே எண்ணம் இருக்கிறது. நாடகத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நல்ல கேமரா வைத்திருக்கும் ஒரு தம்பியைப் பிடித்து, பின்னால் போடுவதற்கு ஒரு வீடியோ செய்து தரச் சொல்வோம். அவரும் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்துவிடுவார். லேப்டாப்பில் பார்த்தால் அருமையாக இருக்கும். மேடைக்கு வந்ததும் வெளுத்துப்போய்த் தெரியும், வசனத்துக்கு முன்னால் ஓடும், இல்லையென்றால் பின்தங்கும். பழி அந்தத் தம்பி மேல் விழும்.

அவர் மேல் குற்றமில்லை. அவருக்குத் தெரிந்த வேலை வேறு, அவரிடம் கேட்கப்பட்ட வேலை வேறு. பல்கலைக்கழக மாணவர்களுக்கு இந்த இரண்டையும் சொல்லித்தருகிறவன் என்பதால், வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. வீடியோ பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

நேரத்தை யார் பிடித்திருக்கிறார்கள்?

பரதநாட்டிய அரங்கேற்றம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த இசைக்கு ஆடும் பெண், ஜதியில் ஓர் அடி தவறவிட்டால் என்ன ஆகும்? இசை நிற்காது. அவள்தான் ஓடிப்போய் அதைப் பிடிக்க வேண்டும். அதே பெண் நட்டுவனாரும் மிருதங்கமும் மேடையில் இருக்கும்போது ஆடினால் நிலைமை வேறு. நட்டுவனாரின் கண் அவள் காலில் இருக்கிறது. அவள் மூச்சு வாங்க ஒரு கணம் எடுத்தால், பல்லவியை இன்னொரு முறை திருப்பச் சொல்லிக் காத்திருந்து, அவள் தயாரானதும் அடுத்ததற்குப் போவார். பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது.

திரைப்படமும் தொலைக்காட்சி வீடியோவும் பதிவு செய்த இசையைப் போன்றவை. நேரம் முழுவதும் முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. எடிட்டிங் மென்பொருளில் காட்சித் துண்டுகளை இடமிருந்து வலமாக அடுக்கும் நீளமான பட்டையை டைம்லைன் என்கிறோம். அந்தப் பட்டையில் இரண்டாவது நிமிடத்தில் மின்னல் வெட்டும் என்று வைத்தால், எத்தனை முறை ஓட்டினாலும் அங்கேதான் வெட்டும். மேடை வீடியோவோ நட்டுவனாரைப் போல நடந்துகொள்ள வேண்டும். நடிகர் எப்போது ஜன்னல் பக்கம் திரும்புகிறாரோ அப்போதுதான் மின்னல். வெள்ளிக்கிழமை இரவு அந்தக் காட்சி ஒன்றரை நிமிடத்தில் முடியும். சனிக்கிழமை சபையில் சிரிப்பு அதிகமாக இருந்தால் இரண்டேகால் நிமிடம் போகும். எந்த இரவிலும் மின்னல் சரியான இடத்தில் விழ வேண்டும்.

இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் இதிலிருந்தே பிறக்கும். ஆகவே இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போகிறேன்.

கியூ, ஸ்டாண்ட்பை, கோ

ஒரு நாடகத்தில் ஒளி, ஒலி, வீடியோ மூன்றில் ஏதாவது ஒன்று மாறும் ஒவ்வொரு தருணத்துக்கும் ஓர் எண் கொடுத்து எழுதிவைப்பார்கள். அந்தத் தருணத்தில் தரும் கட்டளைக்கு கியூ என்று பெயர். அதைச் சொல்பவர் ஸ்டேஜ் மேனேஜர். அவர் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடி, ஹெட்செட்டில் "ஸ்டாண்ட்பை வீடியோ 14" என்பார். வீடியோ இயக்குபவர் பொத்தான் மேல் விரலை வைத்துத் தயாராகிறார். நடிகர் திரும்புகிறார். "வீடியோ 14, கோ". பொத்தான் அழுத்தப்படுகிறது.

டைம்லைனை நம்பி எடிட்டிங் மென்பொருளிலிருந்தே ஓட்டினால் இந்த வேலை நடக்காது. அதனால்தான் கியூலேப், இசடோரா, ரெசொலூம் போன்ற வேறு வகை மென்பொருள்கள் இருக்கின்றன. இவற்றின் அடிப்படை நேரப்பட்டை அல்ல, கட்டளைப் பட்டியல், அல்லது விரும்பியபோது தட்டி எழுப்பக்கூடிய துண்டுகள். இசடோராவை எழுதிய மார்க் கொனிக்லியோ, ட்ரொய்க்கா ராஞ்ச் என்ற நடனக் குழுவின் நிறுவனர்களில் ஒருவர். சொந்த மேடைத் தேவைக்காக ஆரம்பித்த கருவி அது. நடனக்காரர்களின் அசைவுக்குப் படம் பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசையிலிருந்துதான் இந்த வகை மென்பொருள்களில் சில பிறந்தன.

இந்த வசதி வருவதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியக் குழு ஒன்று லாத்தர்னா மாகிக்கா என்ற நிகழ்ச்சியை நடத்தியது. மேடையமைப்பாளர் யோசஃப் ஸ்வோபோதாவும் இயக்குநர் ஆல்ஃபிரெட் ராடோக்கும் சேர்ந்து செய்தது. திரையில் இருப்பவர்களோடு மேடையில் இருப்பவர்கள் பேசினார்கள், ஆடினார்கள். உலகமே வியந்தது. ஆனால் ஃபிலிம் சுருள் யாருக்காகவும் நிற்காது. நடிகர்கள்தான் நொடி பிசகாமல் படத்துக்கு இசைந்து ஆட வேண்டியிருந்தது. அரங்கேற்றத்தில் பதிவு செய்த இசைக்கு ஆடுவது போலத்தான் அதுவும். இன்று அந்தக் கட்டாயம் நமக்கு இல்லை. இருந்தும் பலர் லேப்டாப்பில் ஐந்து நிமிட வீடியோ ஒன்றைத் தட்டிவிட்டு, நடிகர்களை அதன் பின்னால் ஓடவைக்கிறார்கள்.

காத்திருக்கத் தெரிந்த துண்டுகள்

பொத்தான் அழுத்தினால் வீடியோ தொடங்குகிறது, சரி. தொடங்கியபின் அது எப்படிக் காத்திருக்கும்? இங்கேதான் எடிட்டிங் செய்கிற முறையே மாறுகிறது.

ஒரு மழைக் காட்சி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திரைப்பட மாணவர் மூன்று நிமிட மழையை ஒரே கோப்பாகச் செய்து தருவார். மேடைக்குச் செய்பவர் அதை மூன்றாகப் பிரிப்பார். முதல் துண்டு மழை தொடங்குவது: இருட்டிலிருந்து மெல்ல வரும் நாலைந்து விநாடி. நடுத்துண்டு மழை பெய்துகொண்டே இருப்பது: இருபது முப்பது விநாடி போதும், ஆனால் அதன் முடிவும் தொடக்கமும் தையல் தெரியாமல் ஒட்ட வேண்டும். கடைசித் துண்டு மழை ஓய்வது. நடுத்துண்டு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு லூப் என்று பெயர். அம்மா வேடத்தில் இருப்பவர் கடிதத்தைப் படித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தாலும் மழை பெய்யும். அவர் கடிதத்தை மடித்ததும் அடுத்த கியூ, மழை ஓய்கிறது.

பல்லவியைத் திருப்பிக்கொண்டே இருந்து, நர்த்தகி தயாரானதும் நட்டுவனார் அடுத்ததற்கு எடுத்துச் செல்கிறாரே, அதே வேலைதான் இது. இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால், "இப்போது நடக்கும் சுற்று முடிந்த பிறகு வெளியேறு" என்றும் சொல்லிவைக்கலாம். பாதி ஆவர்த்தனத்தில் வெட்டாமல் சமத்தில் வந்து நிற்பது போல, அசைவு அறுபடாது.

வகுப்பில் நான் கொடுக்கும் முதல் பயிற்சி இதற்காகத்தான். ஒரு மாணவி கதவிலிருந்து நடந்து வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். உட்காரும் கணத்தில் பின்திரையில் ஒரு விளக்கு அணைய வேண்டும். அவ்வளவுதான். கேட்கச் சுலபம். ஆனால் அதே மாணவி ஒரே மாதிரி இரண்டு முறை நடப்பதில்லை. பொத்தானில் கை வைத்திருப்பவர் திரையைப் பார்த்தால் தோற்றுவிடுவார், அவள் முழங்கால் மடங்குவதைப் பார்த்தால் ஜெயிப்பார். இந்த ஒரு பயிற்சிக்குப் பிறகு மாணவர்கள் ஒத்திகைக்கு வராமல் வீடியோ செய்வதை நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த வேலைக்கு மிகச் சிறந்த பயிற்சிக்களம் எது என்று கேட்டால், மேல்தலைப்பு ஓட்டுவது என்பேன். சிங்கப்பூரில் தமிழ் நாடகங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில மேல்தலைப்பு போடுகிறோம். மேடைக்கு மேலேயோ பக்கவாட்டிலோ வசனத்தின் மொழிபெயர்ப்பு வரிவரியாகத் தோன்றும். இந்த வழக்கத்தை 1983-ல் டொராண்டோவில் கனடிய ஆப்பெரா நிறுவனம் தொடங்கிவைத்தது. பலரும் இதை ஒரு எடுபிடி வேலையாக நினைத்து, யார் சும்மா இருக்கிறாரோ அவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஒன்றரை மணி நேர நாடகத்தில் நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு கியூ. நடிகர் இரண்டு வரியைத் தாண்டிப்போனால் உடனே தாண்ட வேண்டும். நகைச்சுவை வரியைக் கால் விநாடி முன்னால் காட்டினால், தமிழ் தெரியாதவர்கள் நடிகர் வாய் திறக்கும் முன்பே சிரித்துவிடுவார்கள், அவர் சொல்லும் இடம் வீணாகிவிடும். பிரதியை அறிந்த, தமிழ் நன்றாகத் தெரிந்த, மூச்சைக் கேட்கத் தெரிந்த ஒருவர்தான் அதைச் செய்ய முடியும். அதைச் செய்து பழகிய மாணவருக்கு மேடை வீடியோவில் பாதி கைவந்துவிட்டது.

சுருக்கமாக: திரைக்கான வீடியோவில் நேரம் கோப்புக்குள் இருக்கிறது. மேடைக்கான வீடியோவில் நேரம் நடிகரிடம் இருக்கிறது. அதனால் வீடியோவைத் துண்டுகளாகச் செய்து, லூப்பில் காத்திருக்க வைத்து, கியூ சொல்லி நகர்த்துகிறோம்.

திரையும் ஒரு விளக்குதான்

அடுத்த பெரிய குழப்பம் வெளிச்சம். "லேப்டாப்பில் இவ்வளவு அழகாக இருந்ததே, மேடையில் ஏன் வெளுத்துவிட்டது?" என்ற கேள்வி ஒவ்வொரு குழுவிலும் வரும்.

ப்ரொஜெக்டர் வெளியே தள்ளும் மொத்த ஒளியை லூமன் என்ற அலகில் சொல்வார்கள். அந்த ஒளி ஒரு பரப்பில் எவ்வளவு அடர்த்தியாக விழுகிறது என்பதை லக்ஸ் என்பார்கள். லூமனைப் பரப்பளவால் வகுத்தால் லக்ஸ். கணக்கு இவ்வளவுதான்.

5,000 லூமன் ப்ரொஜெக்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4 மீட்டர் அகலமும் 2.25 மீட்டர் உயரமும் உள்ள திரையில் காட்டினால் பரப்பு 9 சதுர மீட்டர். ஒளி சுமார் 555 லக்ஸ். ஓர் அலுவலக மேசைக்குப் பரிந்துரைக்கப்படும் வெளிச்சம் 500 லக்ஸ் என்பதால், பரவாயில்லை என்று சொல்லலாம். இப்போது இயக்குநர் வந்து, படம் மேடை முழுக்க வேண்டும் என்கிறார். அகலத்தை 8 மீட்டராக்குகிறோம். அகலம் இரு மடங்கானால் உயரமும் இரு மடங்காகும், பரப்பு நான்கு மடங்காகி 36 சதுர மீட்டர். ஒளி நாலில் ஒரு பங்காகி, சுமார் 139 லக்ஸுக்கு இறங்கிவிடும். நடிகர் முகத்தில் விழும் மேடை விளக்கோ பல நூறு லக்ஸ், பெரிய அரங்குகளில் ஆயிரத்தைத் தாண்டும். யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இதைவிட முக்கியமானது கறுப்பு. ப்ரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. அது ஒளியைத்தான் தள்ளும். கறுப்பு என்பது அது ஒளி தள்ளாத இடம். அந்த இடத்தில் திரை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் தெரியும். மேடை விளக்குகள் தரையில் பட்டுச் சிதறி, 50 லக்ஸ் திரையில் விழுகிறது என்று வையுங்கள். நம் படத்தின் கறுப்பு இப்போது 50 லக்ஸ் சாம்பல். வெள்ளை 139-உம் 50-உம் சேர்ந்து 189. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் நாலுக்கு ஒன்றுகூட இல்லை. நாம் லேப்டாப்பில் பார்த்தது ஆயிரத்துக்கு ஒன்று போன்ற விகிதத்தில். இருட்டான, மெல்லிய நிழல்கள் நிறைந்த காட்சியை ஆசை ஆசையாகப் படம்பிடித்து வந்த மாணவரின் உழைப்பு முழுவதும் அந்த 50 லக்ஸுக்குள் மூழ்கிவிடும்.

இதற்குப் பெரிய ப்ரொஜெக்டர் வாங்குவதுதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். பணம் இருந்தால் உதவும். ஆனால் முதலில் செய்ய வேண்டியது, ஒளியமைப்பாளரோடு உட்கார்ந்து பேசுவது. நடிகர்களைத் திரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் முன்னால் நிறுத்தினால், அவர்கள் மேல் விழும் ஒளி திரைக்குப் போகாமல் தடுக்கலாம். முன்னாலிருந்து அடிக்கும் விளக்குகளைக் குறைத்து, பக்கவாட்டு விளக்குகளைக் கூட்டலாம். தரையில் கறுப்பு விரிப்பு போட்டால் சிதறல் குறையும். வெள்ளைத் திரைக்குப் பதில் சாம்பல் திரை போட்டால் கறுப்பு கொஞ்சம் கறுப்பாகும். இவற்றில் பலவற்றுக்குச் செலவே இல்லை, பேச்சுதான் தேவை. வீடியோ ஆளும் ஒளியமைப்பு ஆளும் அரங்கில்தான் முதன்முறையாகச் சந்திக்கிறார்கள் என்றால், அந்த நாடகத்தின் வீடியோ வெளுக்கத்தான் செய்யும்.

வீடியோ செய்யும் முறையும் மாற வேண்டும். செவ்வகச் சட்டத்தை முழுக்க நிரப்பாமல், தேவையான உருவத்தை மட்டும் வெளிச்சமாக வைத்து ஓரங்களை மங்கவிட வேண்டும். படத்தில் வேகமாக வெட்டி வெட்டிக் காட்சி மாற்றினால், ஒவ்வொரு வெட்டும் நடிகரின் உடையிலும் கன்னத்திலும் ஒரு வெளிச்ச அடியாக விழும், ஏனென்றால் திரையும் மேடையில் ஒரு விளக்கு. சபையின் கண்ணும் அசையும் வெளிச்சத்துக்கே முதலில் போகும். திரைப்படத்தில் இயக்குநர் குளோசப் வைத்து நம் கண்ணைப் பிடித்து வைக்கிறார். மேடையில் அந்த அதிகாரம் யாருக்கும் இல்லை, பார்ப்பவர் எங்கே வேண்டுமானாலும் பார்ப்பார். அழுதுகொண்டிருக்கும் நடிகைக்குப் பின்னால் அலையடிக்கும் கடலைப் போட்டால், பார்வையாளர்கள் கடலைத்தான் பார்ப்பார்கள்.

எல்இடி சுவர் பற்றி ஒரு வார்த்தை. சமூக மன்றப் பொங்கல் விழாவிலிருந்து கல்யாண விருந்துவரை இப்போது எங்கும் அதுதான். அதன் கறுப்பு நன்றாக இருக்கும், வெளிச்சமும் தாராளம். நாடகத்தில் ஆபத்தும் அந்தத் தாராளத்தில்தான். வெளிச்சத்தை நன்றாகக் குறைக்காவிட்டால் நடிகர்கள் அதன் முன் நிழலுருவங்களாகிவிடுவார்கள்.

4கே, அதாவது வழக்கமான 1920 புள்ளி அகலத்தைவிட இரு மடங்கு நுணுக்கமான படம், தேவையா என்பதும் அடிக்கடி கேட்கிற கேள்வி. 8 மீட்டர் திரையில் 1920 புள்ளிகள் என்றால் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 4 மில்லிமீட்டர். நல்ல கண் 10 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வரை பிரித்துப் பார்க்கும். ஆக, திரையிலிருந்து சுமார் 14 மீட்டருக்கு அப்பால் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கையில் இருக்கும் பணத்தை முதலில் வெளிச்சத்துக்குச் செலவழிப்பதே என் கட்சி.

சுருக்கமாக: அகலம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்று. ப்ரொஜெக்டருக்குக் கறுப்பு தெரியாது. திரையில் போடுவது எல்லாம் நடிகர் மேலும் விழும்.

படம்பிடிக்கும்போது இந்த ஊருக்கான ஒரு விஷயம்

படம்பிடிப்பதன் அடிப்படை இரண்டுக்கும் பொது, அதனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். வீடியோ என்பது அடுத்தடுத்த நிழற்படங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம். விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது அதன் வேகம். பல கைப்பேசிகள் தாமாக 30 ஃப்ரேமில் எடுக்கும். சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் விநாடிக்கு நூறு முறை மங்கி ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரத்துக்கு ஷட்டர் என்று பெயர். 30 ஃப்ரேமும் அதற்கேற்ற 1/60 விநாடி ஷட்டரும் இந்தத் துடிப்போடு ஒத்துப்போகாததால், படத்தில் பட்டைகள் ஓடும், வெளிச்சம் துடிக்கும். 25 ஃப்ரேம், 1/50 விநாடி ஷட்டர் என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இங்கே தொலைக்காட்சி 25-ல் வளர்ந்ததற்கும் இந்த மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டு.

நேரடி கேமரா: ஏன் கால் பின்தங்குகிறது?

மேடையில் நடப்பதையே கேமராவில் பிடித்து அதே நேரத்தில் திரையில் பெரிதாகக் காட்ட இப்போது நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். முத்திரையைப் பெரிதாகக் காட்டலாம், பாதங்களைக் காட்டலாம். நல்ல ஆசை. ஆனால் கேமராவில் பிடித்த படம் திரைக்குப் போய்ச்சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இந்தத் தாமதத்தைத்தான் லேட்டன்சி என்கிறார்கள்.

எங்கிருந்து வருகிறது? கேமரா ஒரு ஃப்ரேமை முழுக்கப் பிடித்த பிறகுதான் அனுப்பும். கணினிக்குள் எடுத்துச் செல்லும் கருவி அதை ஒரு முறை வாங்கி வைக்கும். மென்பொருள் வரையும். ப்ரொஜெக்டர் தன் பங்குக்குப் படத்தைச் சீராக்கும். ஆளுக்கு ஒரு ஃப்ரேம், ஒன்றரை ஃப்ரேம் எடுத்தாலும், மொத்தம் ஐந்து ஃப்ரேம் ஆகிவிடும். விநாடிக்கு 25 என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லி விநாடி. ஐந்து ஃப்ரேம் 200 மில்லி விநாடி, அதாவது ஐந்தில் ஒரு விநாடி.

இது சின்னதா பெரியதா? நர்த்தகி வேகமான காலத்தில் விநாடிக்கு நாலு தட்டு தட்டுகிறாள் என்றால், ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 250 மில்லி விநாடி. 200 தாமதமானால், திரையில் வலது கால் இறங்கும்போது மேடையில் கிட்டத்தட்ட இடது கால் இறங்கிவிட்டிருக்கும். பயிற்சி பெற்ற கலைஞர் தாளம் தவறி ஆடுவது போலத் தோன்றும். அதைவிடப் பெரிய அநியாயம் ஒரு நர்த்தகிக்குச் செய்ய முடியாது.

தொலைக்காட்சிக்கு ஒரு சர்வதேச வரையறை உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்தைவிட ஏறத்தாழ 45 மில்லி விநாடி முந்தினாலே மக்கள் கவனிக்கத் தொடங்குகிறார்கள். ஒலி பிந்தினால் 125 வரை கவனிப்பதில்லை. மேடையில் படம்தானே பிந்துகிறது, அப்படியென்றால் ஒலி முந்துகிறது. கண்டிப்பான பக்கத்தில் மாட்டிக்கொள்கிறோம். பெரிய அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு: ஒலி 34 மீட்டர் கடக்கச் சுமார் பத்தில் ஒரு விநாடி எடுப்பதால், மேடையிலிருந்து வரும் சலங்கை ஒலி அவருக்கும் தாமதமாகத்தான் கேட்கும். ஆனால் தொலைக்காட்சியில் இல்லாத சிக்கல் ஒன்று மேடையில் இருக்கிறது. ஆடுகிற ஆளே திரைக்குப் பக்கத்தில் நிற்கிறார். கண் இரண்டையும் ஒப்பிட்டுவிடும்.

குறைக்க வழிகள் உண்டு. இடையில் உள்ள கருவிகளைக் குறைப்பது, வைஃபை வேண்டாமென்று கம்பி வழியாகவே அனுப்புவது, எல்லாவற்றையும் ஒரே ஃப்ரேம் வேகத்தில் வைப்பது, ஆனால் அந்த வேகத்தை 50 ஆக்குவது, ப்ரொஜெக்டரின் பட மெருகூட்டல்களை அணைப்பது. இவ்வளவு செய்தும் பூஜ்யம் ஆகாது. அதனால் மாணவர்களிடம் நான் சொல்வது, நேரடி கேமராவை வேகமான நிருத்தத்துக்கு வைக்காதீர்கள், அபிநயத்துக்கு வையுங்கள். பதத்தில் மெல்ல நிறையும் ஒரு கண்ணைப் பெரிதாகக் காட்டினால் ஐந்தில் ஒரு விநாடி யாருக்கும் தெரியாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கு அது பெரிய கொடையாகவும் இருக்கும்.

கோப்பு ஏன் திணறுகிறது?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு ஃப்ரேம், சுருக்காமல் வைத்தால் சுமார் 6.2 மெகாபைட். விநாடிக்கு 25 என்றால் 155 மெகாபைட். இவ்வளவு பெரிதாக வைத்துக்கொள்ள முடியாது என்பதால் சுருக்குகிறோம். சுருக்கி விரிக்கும் முறைக்கு கோடெக் என்று பெயர். கைப்பேசியும் இணையமும் பயன்படுத்தும் எச்.264, அவ்வப்போது ஒரு ஃப்ரேமை மட்டும் முழுதாக வைத்து, நடுவில் உள்ளவற்றுக்கு முந்தைய ஃப்ரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதிவைக்கும். தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பார்க்க அருமையான முறை. ஆனால் கியூ கொடுத்து நடுவில் குதித்தால், கணினி முந்தைய முழு ஃப்ரேமைத் தேடிப்பிடித்து அங்கிருந்து கட்டியெழுப்ப வேண்டும். அந்தத் திணறல்தான் மேடையில் தெரியும் தடுமாற்றம். புரோரெஸ், ஹாப் போன்றவை ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியே முழுதாக வைக்கின்றன. கோப்பு பல மடங்கு பெரிதாகும், ஆனால் கூப்பிட்ட உடனே வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவை அப்படியே மேடைக்குக் கொண்டுவரக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகுப்பில் இதெல்லாம் எப்படி வருகிறது?

லாசாலும் நன்யாங் நுண்கலைக் கழகமும் இணைந்த சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகம் 2024-ல் தொடங்கியது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளி 2005-லிருந்து இருக்கிறது. இப்படி முறையாகக் கலை படிக்க இடங்கள் இங்கே உண்டு. ஆனால் நம் மாணவர்களில் பலர் மேடை வீடியோவை முதலில் தொடுவது பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அமைப்பான தமிழ்ப் பேரவையின் நாடகங்களில்தான், பொறியியலோ கணக்கியலோ படித்துக்கொண்டே. அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்: கேமராவை எடுக்கும் முன் அரங்கின் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ப்ரொஜெக்டர் எத்தனை லூமன், எங்கே தொங்குகிறது, திரைக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு மீட்டர் அகலப் படத்துக்கு எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது த்ரோ விகிதம். அது 1.5 என்றால் 8 மீட்டர் படத்துக்கு 12 மீட்டர் வேண்டும். அந்த அரங்கில் 9 மீட்டர்தான் இருக்கிறது என்பது கடைசி நாளில் தெரிந்து பயனில்லை.

அப்புறம், பம்ப்-இன் நேரம். பொருள்களை அரங்கில் ஏற்றி நிறுவும் நேரத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். வாடகை மணிக்கணக்கில் போவதால் மாணவர் குழுக்களுக்கு அது குறைவாகவே கிடைக்கும். அதில் வீடியோவுக்கென்று தனி நேரம் எழுதி வாங்காவிட்டால், விளக்கு ஏற்றி முடித்த பிறகு மிச்சமிருக்கும் அரை மணி நேரம்தான் கிடைக்கும். எல்லாக் கியூக்களையும் நிறுத்தி நிறுத்திச் சரிபார்க்கும் டெக் ரிஹர்சலில், வீடியோ ஆள் சபையின் நடுவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஒரு முறை பின்வரிசையிலும் பக்கவாட்டு இருக்கைகளிலும் போய்ப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் முடிந்தபின், நேரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ப்ரொஜெக்டரை மூடிவைத்து நாடகத்தின் முக்கியக் காட்சிகளை ஒரு முறை ஓட்டச் சொல்வேன். கம்பி கழன்றாலும் கணினி நின்றாலும் நாடகம் நடந்தாக வேண்டும். வீடியோ இல்லாதபோது எந்த இடத்தில் கதை புரியாமல் போகிறது என்று குறித்துக்கொண்டு, அங்கே ஒரு வரி வசனமோ ஓர் அசைவோ சேர்க்கும்படி இயக்குநரிடம் கேட்கிறோம். நடிகர்களும் அந்த வரியைப் பழகிவைத்துக்கொள்கிறார்கள்.